பேட்டரியில் 12.4 வோல்ட் இருந்தும் இரவில் படகு ஃப்ரிட்ஜ் அணைகிறதா?

ஃப்ரிட்ஜை மாற்ற வேண்டாம், முதலில் வயரைப் பாருங்கள். பேட்டரியிலிருந்து 6 மீட்டர் தள்ளி, 1.5 சதுர மிமீ வயரில் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜை ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். போக வர 12 மீட்டர் செம்பு. 5 ஆம்பியருக்கே சுமார் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் இழுப்பு இன்னும் அதிகம். உப்புக்காற்றில் பச்சை பூத்த முனைகளும் சேர்ந்தால், ஃப்ரிட்ஜின் குறைமின்னழுத்தக் காப்பு (மின்னழுத்தம் குறைந்தால் தானே அணைக்கும் அமைப்பு) தன் வேலையைச் செய்துவிடும்.

சோதனை எளிது. மல்டிமீட்டரை ஃப்ரிட்ஜின் முனைகளிலேயே வைத்து, கம்ப்ரஸர் கிளம்பும்போது அளவிடுங்கள். அதே நேரத்தில் பேட்டரியிலும் ஒருவர் பார்க்கட்டும். வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் என்றால் குற்றவாளி வயர் அல்லது இணைப்பு. வெள்ளீயம் பூசிய 6 சதுர மிமீ வயரை நேராக இழுங்கள். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். சிகரெட் லைட்டர் சாக்கெட் வேண்டவே வேண்டாம், படகு ஆட்டத்தில் அது எப்போதும் தொல்லைதான்.

இரண்டு இடத்திலும் மின்னழுத்தம் சேர்ந்தே சரிந்தால் பேட்டரிதான் களைத்திருக்கிறது. 4 ஆம்பியரில் பாதி நேரம் ஓடினாலும் நாளைக்கு 48 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால், சார்ஜ் இல்லாமல் ஒரு நாள்தான் தாங்கும்.

ஃப்ரிட்ஜின் கண்டென்சருக்கு (வெப்பத்தை வெளியேற்றும் பகுதி) காற்றோட்டம் இருக்கிறதா? மூடிய பெட்டிக்குள் வைத்திருந்தால் ஓடும் நேரம் கூடி, மேலே சொன்ன கணக்கும் தப்பிவிடும்.