உயிரியலா, கணிதமா? கொப்பியின் கடைசிப் பக்கம் சொன்ன பதில்

போன ஞாயிறு ஹட்டனில் ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. அப்பா ஓட்டோ ஓட்டுகிறார், அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். மகளுக்குச் சாதாரண தரத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஏ. கொழும்பு மாமா, "உயிரியலில் போடுங்க, இங்கே கிடைக்காட்டி வெளிநாட்டில் டொக்டருக்குப் படிக்கட்டும்" என்று விடாமல் போன் எடுக்கிறாராம். அப்பாவுக்கு இரண்டு வாரமாகத் தூக்கமில்லை. பிள்ளை வாயே திறக்கவில்லை.

"பயப்படாதீங்க அண்ணே" என்று தேற்றித்தான் தொடங்கினேன். பிள்ளையின் கணிதக் கொப்பியைப் புரட்டியதும் நிறுத்திவிட்டேன். கடைசிப் பக்கத்தில் இரண்டு நிரல்: டேட்டா போட்டு, டேட்டா நிறுத்தி. லயத்து வாசல், ஆற்றோரப் பள்ளம், மலை உச்சி என்று ஒவ்வொரு இடத்திலும் அப்பாவின் போன் மேப்பில் இடத்தைப் பிடிக்க எத்தனை செக்கன் எடுத்தது என்று குறித்திருக்கிறாள். "பனி மூடினாலும் அதே நேரந்தான் சேர். அப்ப பனி காரணமில்லை" என்றாள். சரியான முடிவு. வானத்தை மறைப்பது மலைதான்.

அண்ணே, உங்கள் மகள் விளையாட்டாகச் செய்த இது ஒரு தொழில்துறை. ஜீ.பி.எஸ் செய்மதிகள் சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் ஓடுகின்றன. அங்கிருந்து வரும் சமிக்ஞை, போனுக்குள் உள்ள மின் இரைச்சலைவிடப் பலவீனமானது. ஒவ்வொரு செய்மதிக்கும் 1023 துண்டுகள் கொண்ட தனிக் குறியீடு உண்டு. மில்லிசெக்கனுக்கு ஒருமுறை திரும்ப வரும் அதன் தொடக்கத்தைப் போன் தேடிப் பிடிக்க வேண்டும். செய்மதி நகர்வதால் உண்டாகும் டொப்ளர் விளைவாலும் போனின் கடிகாரப் பிழையாலும் சமிக்ஞையின் மீடிறனும் (செக்கனுக்கு எத்தனை அலை என்பது) விலகியிருக்கும். இரு பக்கமும் 10 கிலோஹேர்ட்ஸ் வரை, 500 ஹேர்ட்ஸ் இடைவெளியில் தேடினால் 41 படிகள். 1023ஐ 41ஆல் பெருக்கினால் ஒரே செய்மதிக்கு 41,943 இடங்கள்! ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் பயணமே முடிந்துவிடும். 1991இல் வான் நீ, கூனென் என்ற இருவர், எஃப்.எஃப்.டி என்ற கணித முறையால் ஒரு படியிலுள்ள எல்லா இடங்களையும் ஒரே வீச்சில் சோதிக்கலாம் என்று காட்டினார்கள்.

டேட்டா இருந்தால் செய்மதிகளின் பாதை விவரத்தை நெட்வேர்க்கே தந்துவிடும், தேடலும் சுருங்கும். இல்லாவிட்டால் செய்மதியிடமே வாங்க வேண்டும். அது செக்கனுக்கு 50 பிட் வேகத்தில், 30 செக்கனுக்கு ஒருமுறைதான் அந்த விவரத்தைச் சொல்லும். பள்ளத்தில் நடுவே அறுந்தால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். கொப்பியில் பள்ளத்துக்கு நேராகப் பெரிய எண்கள் வந்தது இதனால்தான்.

இதற்கு அடிப்படையான திரிகோண கணிதமும் சிக்கலெண்களும் உயர்தர இணைந்த கணிதத்தில் வருகின்றன. உயிரியல் பிரிவுக்குப் போனால் அந்தப் பாடம் கைவிட்டுப் போகும். பிறகு திரும்பி வருவது கஷ்டம்.

பேராதனை, மொரட்டுவைப் பொறியியல் பீடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி அதற்குப் போதாவிட்டால் பேராதனையிலேயே பௌதிக விஞ்ஞானப் பட்டம் இருக்கிறது. பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் நில அளவைப் பட்டமும் இருக்கிறது, அதை நம் பக்கத்துப் பெற்றோர் விசாரிப்பதே இல்லை. ஜீ.பி.எஸ் சிப் வடிவமைக்கும் வேலை நாட்டுக்குள் நிறைய இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இரைச்சலுக்குள் சமிக்ஞையைத் தேடும் இதே கணிதம்தான் தொலைத்தொடர்பிலும் ரேடாரிலும் ஓடுகிறது.

பணத்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அம்மாவின் சேமலாப நிதியையும் நகையையும் வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்கு வைக்காதீர்கள். முடித்து வந்தாலும் இலங்கை மருத்துவச் சபையின் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் இங்கே தொழில் செய்யலாம். அரச பல்கலைக்கழகத்தில் முதல் பட்டத்துக்குக் கல்விக் கட்டணமே இல்லை. பிள்ளைக்காகக் கடனுக்கு லெப்டொப்பும் வாங்க வேண்டாம். பதிவு செய்த செய்மதிச் சமிக்ஞைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, பாடசாலைக் கணினியில் பைதன் என்ற கணினி மொழியைப் பழகினால் இப்போதைக்குப் போதும். அப்புறம், ஆங்கிலம். அதை இன்றே தொடங்கட்டும்.

மாமாவிடம் நீங்கள் பேசத் தயங்கினால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசுகிறேன். உயர்தர விண்ணப்பத்தைப் பிள்ளையே நிரப்பட்டும். அடுத்த ஞாயிறு வரும்போது அந்தக் கொப்பியையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள். மழை நாள் கணக்கு இன்னும் எழுதவில்லை என்றாள்.