பழைய செஸ்னாவுக்கு முற்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: இரத்மலானையில் பயிற்சி பெற்று அண்மையில்தான் தனியார் விமானி அனுமதிப்பத்திரம் எடுத்தேன். அங்கே இரண்டு வருடமாகப் பறக்காமல் நிற்கும் 1978ஆம் ஆண்டுச் செஸ்னா 152 சிறு விமானம் ஒன்றைத் தனிப்பட்ட ஒருவர் விற்கிறார். நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து வாங்க நினைக்கிறோம். "என்ஜின் ஓவர்ஹோல் (முழுதாகப் பிரித்துப் புதுப்பித்தல்) செய்தது, பிறகு 300 மணித்தியாலம்கூட ஓடவில்லை" என்கிறார். ஆனால் என்ஜின் ஓடிய நேரத்தையும் திருத்தங்களையும் பதியும் லொக் புத்தகம் தொலைந்துவிட்டதாம். சனிக்கிழமைக்குள் கால்பங்கு முற்பணம் கேட்கிறார். அவர் தரும் பற்றுச்சீட்டில் "உள்ளது உள்ளபடி விற்பனை" என்றிருக்கிறது. செலவை ஈடுகட்டத் தெரிந்தவர்களைக் காசுக்கு ஏற்றிப் பறக்கலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: சனிக்கிழமை ஒரு சதமும் கொடுக்காதீர்கள். விமானம் கூடாது என்பதற்காக அல்ல. அந்தப் பற்றுச்சீட்டு கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

முற்பணம் என்றால் இடம் பிடித்து வைப்பதுதானே என்று பலர் நினைக்கிறார்கள். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, விலையில் ஒரு பகுதியைச் செலுத்தினாலே வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் நீதிமன்றத்தில் செல்லுபடியாகிவிடும். நாளைக்கு மனம் மாறினால், மீதிப் பணத்தையோ நட்டத்தையோ அவர் உங்களிடம் கேட்கலாம். விற்பவர் வியாபாரி அல்லர், தனிமனிதர். ஆகவே தரம் பற்றிச் சட்டம் தானாகத் தரும் பாதுகாப்பு உங்களுக்கு அநேகமாக இல்லை. பார்த்து வாங்கும் பொறுப்பு உங்களுடையது. அதற்குமேல் "உள்ளது உள்ளபடி" என்றும் கையெழுத்து வைத்தால், புதுக்கடை நீதிமன்றத்தில் உங்களுக்காக வாதாட வருபவருக்கு என்ன மிஞ்சும்?

அந்த 300 மணித்தியாலக் கதையைப் பாருங்கள். செஸ்னா 152இல் இருப்பது லைக்கமிங் ஓ-235 என்ஜின். 2400 மணித்தியாலம் அல்லது 12 வருடம், எது முந்துகிறதோ அப்போது ஓவர்ஹோல் செய்யும்படி உற்பத்தியாளர் சொல்கிறார். மணித்தியாலம் குறைவு என்பதால் வருடம் நிற்காது. ஆகவே அவரிடம் கேட்க வேண்டியது ஓவர்ஹோல் செய்த திகதியை. இந்த என்ஜினில் வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் மேற்பக்கம் இருக்கிறது. ஓடாமல் நின்றால் எண்ணெய் கீழே வடிந்துவிடும், உலோகம் ஈரக்காற்றில் துருப்பிடிக்கும். இரத்மலானைக்குக் கடற்காற்று எவ்வளவு கிட்ட என்பது உங்களுக்கே தெரியும். லொக் புத்தகம் இல்லாவிட்டால் ஓவர்ஹோல் நடந்ததற்கே சாட்சி இல்லை. கட்டாய பாதுகாப்புப் பணிப்புகள் நிறைவேற்றப்பட்டனவா என்பதும் தெரியாது. அப்படிப்பட்ட என்ஜினை ஓவர்ஹோல் செய்யப்படாத என்ஜினாகவே கணக்கிட்டு விலை பேசுங்கள்.

உரிமையையும் பாருங்கள். இலங்கையில் 4ஆர் என்று தொடங்கும் குறியுடன் பதிவான விமானம் என்றால், பதிவுச் சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறது, பறப்புத் தகுதிச் சான்றிதழ் நடைமுறையில் இருக்கிறதா என்று சிவில் விமான சேவைகள் அதிகாரசபையிடம் நீங்களே போய் உறுதிப்படுத்துங்கள். கார் வாங்கும்போது பெயர் மாற்றாமல் கையெழுத்திட்ட பத்திரத்தை மட்டும் கைமாற்றும் ஓப்பன் பேப்பர் பழக்கத்தை இங்கே நினைத்தும் பார்க்காதீர்கள். தரிப்பிட வாடகையோ திருத்தக் கூலியோ பாக்கியிருந்தால், அது தீரும்வரை விமானத்தைப் பிடித்து வைக்கும் உரிமையைப் பணம் வரவேண்டியவர் கோரக்கூடும். பாக்கி இல்லை என்று அவர்களிடமிருந்தே கடிதம் வாங்குங்கள்.

விற்பவர் உண்மையானவர் என்றால் பின்வரும் வரியை ஏற்கத் தயங்கமாட்டார்: "வாங்குபவர் நியமிக்கும் அனுமதி பெற்ற பொறியியலாளர் பரிசோதித்து எழுத்தில் திருப்தி தெரிவிக்காவிட்டால், அல்லது உரிமை மாற்றம் பதிவாகாவிட்டால், முற்பணம் முழுவதும் 7 நாட்களுக்குள் திருப்பித் தரப்படும்." கூடவே, ஓவர்ஹோல் பற்றி அவர் வாயால் சொன்னதையும் உத்தரவாதமாக எழுதுவியுங்கள். எழுத்து ஒப்பந்தத்தின் மேல் 6 வருடம்வரை வழக்குத் தொடரலாம். வாய்ப்பேச்சு என்றால் 3 வருடம்தான். பரிசோதிப்பவர் அந்த விமானத்தை இதுவரை பராமரித்தவராக இருக்கக்கூடாது. இந்தச் செலவைக் கண்டு தயங்காதீர்கள், அது உங்கள் உயிருக்கான செலவு.

நண்பர்களோடு சேர்வதென்றால் காசு கைமாறும் முன்பே மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். யாருக்கு எத்தனை பங்கு, திடீர்த் திருத்தச் செலவை யார் தாங்குவது, ஒருவர் வெளிநாடு போனால் அவரது பங்கை எந்த விலைக்கு மற்றவர்கள் எடுப்பது எல்லாம் அதில் வரட்டும். பங்குடைமை வியாபாரமாக அமைந்து முதல் 1000 ரூபாவைத் தாண்டினால், எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்தை 1840ஆம் ஆண்டின் மோசடித் தடைக் கட்டளைச் சட்டம் ஏற்காது.

கடைசிக் கேள்விக்குப் பதில்: கூடாது. தனியார் விமானி அனுமதிப்பத்திரத்தோடு கூலிக்கு ஆள் ஏற்றிப் பறக்க முடியாது. பெற்றோல் காசு என்று பெயர் மாற்றினாலும் அது கூலியாகவே பார்க்கப்படலாம். அப்படிப் பறக்கும்போது விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கக்கூடும், ஏறியவரின் குடும்பத்துக்கு நீங்கள் மூவரும் சொந்தச் சொத்திலிருந்து பதில் சொல்ல வேண்டிவரும்.