கனி பாயும் கானாப் பாட்டும்

கேள்வி: ஐயா, காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடை கனி பாயிடம், 'கனி என்றால் பழம்தானே பாய்' என்று ஒரு நாள் விளையாட்டாகக் கேட்டேன். 'இல்லண்ணே, அரபியில் வசதியானவன்னு அர்த்தம்' என்றார். அவர் மகன் குறுக்கே புகுந்து, அதே எழுத்துகளில்தான் பாடகர் என்ற சொல்லும் வருகிறது, நம்ம கானாப் பாட்டே அங்கேயிருந்து வந்ததுதான் என்கிறான். பணத்துக்கும் பாட்டுக்கும் ஒரே வேரா?
– வாசகர், காரைக்குடி

பதில்: பாய் சொன்னது சரி. பையன் சொன்னதில் முன்பாதி சரி, பின்பாதி தப்பு.

அரபியில் பெரும்பாலான சொற்களுக்கு அடியில் மூன்று மெய்யெழுத்து இருக்கும். அதுதான் வேர். உயிரொலிகளை மாற்றியும், முன்னே பின்னே ஒட்டுப் போட்டும் சொற்களைக் கிளப்பிக்கொண்டே போவார்கள். கிதாபு (புத்தகம்), மக்தப் (எழுதும் இடம்), காதிப் (எழுதுகிறவர்) மூன்றும் எழுதுவது பற்றிய ஒரே வேரில் வந்தவை. பாயிடம் கேட்டால் அவரே சொல்வார். நீங்கள் கேட்கிற வேர் கைன், நூன், யா. இந்தக் கைன் நம் 'க' இல்லை. வாயில் தண்ணீர் வைத்து அண்ணாந்து கொப்பளிக்கும்போது தொண்டையில் கரகரவென்று ஒன்று வருமே, அந்த இடத்து ஒலி. தமிழில் அதற்கு எழுத்தில்லாததால் கனி என்று எழுதுகிறோம், எழுதியதும் பழமாகிவிடுகிறது.

இந்த வேரில் ஒரு பக்கம் கனி, அதாவது யாரிடமும் கையேந்தத் தேவையில்லாதவன். இறைவனின் பெயர்களில் ஒன்றும் இதுதான். அப்துல் கனி என்றால் 'எந்தத் தேவையும் இல்லாதவனின் அடியான்'. ஆக, பணம் என்பதைவிட 'போதும்' என்பதுதான் இதன் அடிப்படைப் பொருள். நம்மூரில் இந்த இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதைப் பார்ப்பது அபூர்வம், அது வேறு கதை. இன்னொரு பக்கம் கினா என்றால் பாட்டு, முகன்னி என்றால் பாடுகிறவர், உக்னியா என்றால் ஒரு பாட்டு, அதன் பன்மை அகானி. பத்தாம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் அல் இஸ்ஃபஹானி பாடல்களையும் பாடகர்கள் கதைகளையும் தொகுத்த மிகப் பெரிய நூலின் பெயரே 'கிதாப் அல் அகானி', பாடல்களின் புத்தகம்.

அப்படியானால் இரண்டும் ஒன்றா? 1004-இல் இறந்த இப்னு ஃபாரிஸ் என்ற அகராதிக்காரர் இதைத்தான் யோசித்திருக்கிறார். வேர்களின் மூலப்பொருளைத் தேடியே ஒரு அகராதி எழுதிய மனிதர் அவர். எப்படியாவது எல்லாவற்றையும் ஒரே பொருளில் கொண்டுபோய் முடிச்சுப் போடத்தான் ஆசைப்பட்டிருப்பார். ஆனால் இந்த இடத்தில், இவை இரண்டு தனி மூலங்கள், ஒன்று போதுமானதாக இருப்பதைக் குறிக்கிறது, மற்றது ஒலியை, என்று பிரித்து எழுதிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அந்த நேர்மை பிடித்திருக்கிறது. இரண்டு குடும்பம் ஒரே வளவில் குடியிருப்பது மாதிரிதான், வாசற்படி ஒன்று, அடுப்பு வேறு.

ஆனால் ஒரே வளவில் இருந்தால் குழப்பம் வராமலா இருக்கும்? 'குர்ஆனைக் கொண்டு யதகன்னா செய்யாதவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர்' என்று ஒரு நபிமொழி உண்டு. அந்த யதகன்னா இந்த வேர்தான். சுஃப்யான் இப்னு உயைனா என்ற பழைய மார்க்க அறிஞர் அதற்கு 'அதுவே போதும் என்று இருப்பது' என்று பொருள் சொன்னார். புகாரியின் நபிமொழித் தொகுப்பிலேயே அவருடைய இந்த விளக்கம் இருக்கிறது. மார்க்கச் சட்ட அறிஞர் இமாம் ஷாஃபி ஒப்பவில்லை. அந்தப் பொருள்தான் என்றால் அதற்கென்று யஸ்தக்னீ என்ற சொல் இருக்கிறதே, அதையல்லவா சொல்லியிருப்பார்கள், இது குரலை இனிமையாக்கி ஓதுவதைத்தான் சொல்கிறது என்றார். ஆக உங்கள் கடைவாசலில் கிளம்பிய சந்தேகம் ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்பே பெரிய மனிதர்களுக்குள் ஓடியிருக்கிறது.

இந்த வேரில் எனக்கு மறக்கவே மறக்காத சொல் பாட்டும் இல்லை, பணமும் இல்லை. ஓர் இடத்தில் தங்கி வாழ்வதற்கும் இதே வேரில்தான் வினைச்சொல்; மக்னா என்றால் மனிதர் வாழ்ந்த வீடு. அழிந்துபோன ஊர்க்காரர்களைப் பற்றிக் குர்ஆனில், அவர்கள் அங்கே குடியிருந்ததே இல்லை என்பது போல ஆகிவிட்டது என்று வரும் இடத்தில் (7:92) இந்த வினைதான் இருக்கிறது. கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடக்கிற வீடுகளின் முகப்பைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த வரி ஞாபகம் வருகிறது.

சரி, கானாவுக்கு வருவோம். அது சமஸ்கிருதத்தில் பாடுவதைக் குறிக்கும் 'கை' என்ற வேரில் வந்த கானம். இந்தியிலும் பாட்டு கானாதான். கினாவும் கானாவும் ஒலியில் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பது தற்செயல். கானாடுகாத்தானுக்கும் கானாவுக்கும் சம்பந்தம் உண்டா என்று அடுத்த கடிதம் வரும். இல்லை, அது கானாடு என்ற பழைய நாட்டுப் பிரிவின் பெயர்.

கேள்வி: மிருதங்கம் கற்றுக்கொள்கிறேன். தாளத்துக்கு அரபியில் என்ன சொல்?
– வாசகி, தேவகோட்டை

பதில்: ஈகாஉ. வேர் வாவ், காஃப், ஐன், பொருள் 'விழு'. நாமும் அடி விழுகிறது என்றுதானே சொல்கிறோம், முதுகிலானாலும் மிருதங்கத்திலானாலும். காலடி ஓசைக்கும் இதே வேர்தான், நடந்த சம்பவத்துக்கும் இதே வேர்தான். குர்ஆனின் 56-ஆவது அத்தியாயம் வாகிஆ, நிகழ்ந்தே தீரும் நிகழ்ச்சி. நீங்கள் தகதிமி சொல்வது போல அங்கே தும், தக் என்று சொல்லிப் பழகுகிறார்கள். தும் தோலின் நடுவில் விழும் கனத்த அடி, தக் ஓரத்தில் விழும் சுள்ளென்ற அடி.

கவிதையின் சந்தத்துக்கு மட்டும் வேறு சொல், வஸ்ன். எடை என்று பொருள். தராசு பிடித்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எட்டாம் நூற்றாண்டில் அரபி யாப்பை வகுத்த கலீல் இப்னு அஹ்மத், பஸ்ராவின் கடைவீதியில் செம்புப் பாத்திரம் தட்டுகிறவர்களின் சுத்தியல் ஓசையைக் கேட்டுத்தான் அந்த யோசனைக்கு வந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். அவர் 15 சந்தங்கள் வகுத்தார், பின்னால் வந்த அக்ஃபஷ் ஒன்றைக் கூட்டி 16 ஆக்கினார். கதை நிஜமோ இல்லையோ, பாத்திரப் பட்டறைப் பக்கம் போனால் ஐந்து நிமிடம் நின்று கேளுங்கள், இரண்டு பேர் மாற்றி மாற்றித் தட்டும்போது உங்களுக்கே கை துறுதுறுக்கும்.

கேள்வி: கோயிலில் அடிக்கிற நகரா, தமிழா அரபியா?
– வாசகர், புதுவயல்

பதில்: அரபி நக்காரா. வேரின் பொருள் கொத்துவது, தட்டுவது. பறவையின் அலகுக்கு அதே வேரில் மின்கார் என்று பெயர். மரங்கொத்தியை நினைத்துக்கொண்டால் சொல் மறக்காது. நாகூர் தர்காவிலும் நகரா உண்டு, பெயரும் அதேதான்.