இரும்புக் கடைக்கு வரும் ஈயப் பெட்டி: கேளுங்கள், சொல்கிறேன்

மலேசியச் செம்பனை மில்களில் பாய்லர் வெல்டிங்கைக் கதிர் வைத்துப் படம் எடுக்கும் வேலையில் 22 வருஷம் இருந்தவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, எஸ்டேட் பக்கம் பழைய இரும்பு வாங்குகிறேன். கனமான ஈயப் பெட்டி வந்தால் உடைக்கலாமா?

உடைக்காதீர்கள் தம்பி. உள்ளே இருக்கும் கதிர்வீசும் பொருளை அடக்கத்தான் ஈயம். 1987-இல் பிரேசிலின் கோயானியாவில், கைவிட்ட சிகிச்சை நிலையத்திலிருந்து புற்றுநோய்க் கருவியைக் கழற்றி இரண்டு பேர் இரும்புக் கடைக்கு விற்றார்கள். உள்ளே சீசியம்-137 என்ற கதிர்வீசும் தூள். இருட்டில் நீலமாக ஒளிர்ந்ததால் கடைக்காரர் அதிசயப்பட்டு சொந்தக்காரர்களுக்கும் கொடுத்தார். நாலு பேர் செத்துப்போனார்கள், ஒன்று ஆறு வயதுப் பெண் குழந்தை. 249 பேரிடம் தூள் ஒட்டியிருந்தது. 2000-இல் தாய்லாந்தின் சமுத் பிராகானில் மூன்று பேர் செத்தார்கள், 2010-இல் டில்லி மாயாபுரியில் ஒருவர், இரண்டுமே கோபால்ட்-60 என்ற கதிர்வீசும் உலோகம். எல்லாம் உங்கள் தொழில் நடக்கும் இடத்தில்தான். தொடாதீர்கள், தள்ளி நில்லுங்கள், அவசர உதவிக்கு 999 அடியுங்கள்.

மின்னாவிட்டால் பயமில்லைதானே?

கோபால்ட்டும், வெல்டிங்கைப் படம் எடுக்க வைக்கும் இரிடியமும் சாதாரண இரும்புத் துண்டு மாதிரிதான் இருக்கும். தொட்டால் சுடாது. தோல் சிவந்து புண்ணாக நாள் கணக்கில் ஆகும், அதற்குள் எதைத் தொட்டோம் என்று யாருக்குமே ஞாபகம் இருக்காது.

கைபேசிக் கோபுரம்?

அது வேறு சமாச்சாரம். என் வேலை இல்லை.

2018 ஆகஸ்டில் சிரம்பானிலிருந்து ஷா ஆலம் போன பிக்-அப்பில் இரிடியம் வைத்த 23 கிலோ கருவி காணாமல் போனதே, அந்த இரிடியம் இப்போது செத்திருக்குமே?

ஆமாம். 74 நாளைக்கு ஒருமுறை அதன் கதிர் பாதியாகும், இரண்டு வருஷத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

அப்படியானால் எதையும் கொஞ்ச நாள் பூட்டி வைத்தால் போதுமே. ஐயாதான் வீணாகப் பீதி கிளப்புகிறார்.

இரிடியத்துக்குச் சொன்ன கணக்கை எல்லாவற்றுக்கும் ஒட்ட வைக்காதீர்கள் சார். கோபால்ட் பாதியாக ஐந்து வருஷத்துக்கு மேல், சீசியத்துக்கு 30 வருஷம். பூட்டி வைத்துவிட்டு உங்கள் பேரனுக்குச் சாவியைக் கொடுப்பீர்களா?

நான் இரிடியத்தைத்தானே சொன்னேன்!

"எதையும்" என்று எழுதியது நீங்கள். மேலே பாருங்கள்.

ஒளிராத துண்டு என்றால் எடுக்கலாமா?

இரண்டாவது பதிலைப் படியுங்கள். படித்துவிட்டுக் கேளுங்கள்.

வெல்டிங்கைப் படம் எடுக்கும் கேமராப் பெட்டி பக்கத்தில் நின்றவருக்கும் கதிர் தொற்றுமா?

தொற்றாது. கதிர்வீசும் பொருளை அடைத்த காப்ஸ்யூல் உடையாதவரை, பக்கத்தில் நின்றவரிடமிருந்து மற்றவருக்குப் போகாது. தூள் சிதறினால்தான் துணி, கை, சோறு என்று ஒட்டிக்கொண்டு போகும். தூரம்தான் காப்பு: இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கதிர் நாலில் ஒன்றாகிவிடும்.

அண்ணே, முதலில் கேட்டவன்தான். பெட்டி கடையில் இருக்கிறது. மூடியில் சிவப்பு முக்கோணம், மண்டையோடு, ஓடுகிற ஆள் படம்.

முதலிலேயே சொல்லக்கூடாதா தம்பி, அது கதிர் ஆபத்துக் குறி! டைப் பண்ணுவதை நிறுத்துங்கள். ஆட்களை வெளியே அனுப்பிக் கடையை மூடிவிட்டு 999.