விடையைப் பார்த்துவிட்டு வழி எழுதுவதா?

அன்புள்ள ஐயா,

போட்டான் என்ற ஒளித்துகள் புரோட்டானில் மோதி இரண்டு பையான்களை (புரோட்டானைவிட லேசான, சட்டென்று உடையும் துகள்களை) உண்டாக்குவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். உள்ளே நடப்பதை யாரும் பார்ப்பதில்லை. நடக்கக்கூடிய ஒவ்வொரு வழிக்கும் ஒரு படம் வரைந்து, அவற்றின் பங்குகளைக் கூட்டி, சோதனையோடு ஒத்துப்போகும்வரை எண்களை மாற்றுகிறார்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டு வழி எழுதும் பையனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

அப்புறம் ஒரு சின்னக் கேள்வி. மின்னூட்டமுள்ள இரண்டு பையான்களின் நிறை சுமார் 280 மெகா எலக்ட்ரான் வோல்ட். நிறைக்கும் ஆற்றலுக்கும் இங்கே ஒரே அலகு. போட்டானுக்குக் குறைந்தது 320 ஆற்றல் வேண்டும் என்கிறீர்கள். மீதி 40 எங்கே போகிறது?

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்

அன்புள்ள ஐயா,

சின்னக் கேள்வி முதலில். போட்டான் உந்தத்தோடு வருகிறது. ஆகவே மோதியபின் புரோட்டானும் பையான்களும் அதே திசையில் ஓடியாக வேண்டும். அந்த 40 ஓட்டத்துக்கான செலவு.

கணக்கு ஒன்றே ஒன்று என்றால் நீங்கள் சொல்வது சரி. இங்கே மூன்று. நேர்மின், எதிர்மின் பையான்கள் ஜோடியாக வரலாம். இரண்டுமே மின்னற்றவையாக வரலாம். நேர்மின் ஒன்றும் மின்னற்ற ஒன்றும் வந்து, புரோட்டான் நியூட்ரானாகலாம். மூன்றுக்கும் அதே எண்களைத்தான் போட வேண்டும். டெல்டா என்ற, புரோட்டானைவிடக் கனமான துகள் உடையும் வேகம் போன்ற எண்கள் வேறு சோதனைகளிலிருந்து வருபவை.

1994இல் ஸ்பெயினின் வலென்சியாவில் கோமெஸ் தெஹெதோர், ஒசெட் என்ற இயற்பியலாளர்கள் முதல் ஜோடிக்கு ஒரு கணித மாதிரி போட்டார்கள். அதில் பெரும்பங்கு ஒரே படத்துக்கு: போட்டான் பட்ட இடத்திலேயே ஒரு பையான் கிளம்பும், புரோட்டான் டெல்டாவாகும், டெல்டா உடைந்து அடுத்த பையான் வரும். முதலில் கிளம்புவது மின்னற்ற பையான் என்றால் இந்தப் படம் செல்லாது. அப்படியென்றால் மின்னற்ற ஜோடி பல மடங்கு குறைய வேண்டும். ஜெர்மனியின் மைன்ஸில் அளந்தபோது குறைவாகத்தான் இருந்தது. அதற்காக யாரும் எந்த எண்ணையும் திருகவில்லை.

மூன்றாவதில் மாட்டிக்கொண்டார்கள். கணக்கு, அளந்ததைவிட ரொம்பக் குறைவாக வந்தது. எண்களை ஏற்றினால் மற்ற இரண்டும் கெடும். 2001இல் ரோ மேசான் என்ற துகளின் பங்கையும் 1700 என்ற கிளர்நிலையையும் (புரோட்டான் ஆற்றல் ஏறிக் கனக்கும் நிலை; எண் அதன் நிறை) சேர்த்த பிறகுதான் நிலைமை தேறியது. ரோ, நேர்மின்னும் மின்னற்றதுமாக உடையும். இரண்டு மின்னற்றவையாக உடையவே உடையாது. அதே ஆண்டு மைன்ஸிலிருந்து வந்த தரவில், மூன்றாவது வகை ஜோடியின் நிறைப் பரவல் கனமான பக்கம், அதாவது ரோவின் பக்கம், சாய்ந்திருந்தது. மின்னற்ற ஜோடியில் அந்தச் சாய்வு இல்லை. யாரும் பார்ப்பதில்லை என்றீர்கள். பார்ப்பது என்றால் இந்தத் துறையில் இதுதான்.

ஆனால் விடையைப் பார்த்து வழி எழுதும் உங்கள் பையன் இங்கேயும் உண்டு. மின்னற்ற ஜோடி முக்கியமாக 1520 என்ற கிளர்நிலை வழியாக வருகிறது என்றது வலென்சியா குழு. லாஜே, மர்ஃபி என்ற வேறு இரண்டு இயற்பியலாளர்கள் 1440 என்றார்கள். மொத்த எண்ணிக்கை இருவருக்குமே ஓரளவு பொருந்தியது! பையானையும் புரோட்டானையும் சேர்த்து நிறையைக் கணக்கிட்டுப் பார்த்தபோது டெல்டா இருக்க வேண்டிய 1232 பக்கம் மேடு தெரிந்தது. 1520இலிருந்து டெல்டா வழியாக இறங்கும் பாதைக்கு அது சாதகம்.