கோடிங் பிடிக்காது, ஐ.டி. மெனேஜர் ஆகலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன். தமிழ் மொழிமூலம் வர்த்தகப் பிரிவில் கணக்கீடு, பொருளியல், ஐ.சி.டி. எடுத்து உயர்தரம் எழுதினேன், பெறுபேறு நல்லாக வந்திருக்கிறது. ஐ.டி. மெனேஜராக வர வேண்டும் என்பதுதான் ஆசை. ஆனால் கோடிங் அவ்வளவாகப் பிடிக்காது. அம்மா ஜயவர்தனபுரவில் மெனேஜ்மென்ட் செய் என்கிறார். கனடாவில் இருக்கும் பெரியப்பாவின் மகன் கம்பியூட்டர் சயன்ஸ் தவிர வேறெதையும் பார்க்காதே என்கிறார். தனியார் கம்பஸ் ஒன்றில் மூன்று வருடத்தில் ஐ.டி. மெனேஜ்மென்ட் டிகிரி என்கிறார்கள். அப்பாவுக்குப் புறக்கோட்டையில் ஹார்ட்வெயார் கடை. செலவைப் பற்றி யோசிக்காதே என்கிறார், நான் யோசிக்கிறேன். எதை எடுப்பது?
வாசகி, கொழும்பு 6

பதில்: தங்கச்சி, நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தியது கம்பஸ் பெயர்கள் எதுவும் இல்லை, 'கோடிங் அவ்வளவாகப் பிடிக்காது' என்ற அந்த ஒரு வரிதான். அதைக் கதைத்துவிட்டுத்தான் மற்றதற்குப் போகலாம், ஏனென்றால் கோடிங்கிலிருந்து தப்புவதற்கென்றே மெனேஜ்மென்ட் பக்கம் வருகிறவர்களை இந்தத் துறையில் நிறையப் பார்க்கிறேன், அவர்களில் பலர் இரண்டாம் வருடத்திலேயே திணறுகிறார்கள்.

உங்களுக்குப் பிடிக்காதது எது? ஐ.சி.டி. பாடத்தில் பைதன் என்ற புரோகிராம் மொழியைப் படித்திருப்பீர்கள், அதையும் பெரும்பாலும் தாளில்தான் எழுதியிருப்பீர்கள். தாளில் எழுதிய புரோகிராமை எவருக்கும் பிடிக்காது, அதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். ஆனால் ஒரு பிரச்சினையைத் துண்டு துண்டாகப் பிரித்து, எது முதலில், எது எதைப் பொறுத்தது, இங்கே பிழைத்தால் அங்கே என்ன ஆகும் என்று யோசிப்பதே எரிச்சலாக இருக்கிறதென்றால், அது வேறு விஷயம். அப்படியானால் ஐ.டி. முகாமைத்துவமும் உங்களுக்குப் பிடிக்கப் போவதில்லை, நேராகவே சொல்லிவிடுகிறேன். சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அப்பாவின் கடையில் ஆணி, பெயின்ட், குழாய் என்று எத்தனையோ சாமான் இருக்கும், எது எவ்வளவு மிச்சம், யாருக்கு எவ்வளவு கடன் என்பது அப்பாவின் தலையிலும் ஒரு கொப்பியிலும் இருக்கும். பெறுபேறு வந்து கம்பஸ் தொடங்கும் வரை எப்படியும் மாதக்கணக்கில் இடைவெளி. அதற்குள் அந்தக் கொப்பியை ஒரு சின்ன டேட்டாபேஸாக மாற்றுங்கள், கடைப் பையன்கள் அதை உண்மையிலேயே பாவிக்கிற அளவுக்குக் கொண்டுவாருங்கள். டேபிள் போடுவது சுலபமான பகுதி. சாமான் வந்தவுடன் பதிவதற்குப் பையன்களைப் பழக்குவது, அப்பா 'எனக்கு என் கொப்பியே போதும்' என்று சொல்லும்போது அவரை வழிக்குக் கொண்டுவருவது, இதெல்லாம்தான் நீங்கள் ஆசைப்படுகிற வேலை.

ஐ.டி. மெனேஜர் என்றால் கோட் எழுதுகிறவர்களுக்குப் பின்னால் நின்று 'முடிந்ததா, முடிந்ததா' என்று கேட்கிற ஆள் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. (அப்படியும் சிலர் இருக்கிறார்கள், மறுக்கவில்லை.) உண்மையான வேலை எங்கே இருக்கிறது என்பதற்கு நம் நாட்டுச் சம்பவம் ஒன்றைச் சொல்கிறேன். 2023 ஆகஸ்டில், அரச நிறுவனங்களின் மின்னஞ்சல் ஓடுகிற லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்டில் ரேன்சம்வெயார், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற கெட்ட மென்பொருள், புகுந்தது. கிட்டத்தட்ட 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை, காரணம் அந்தக் காலத்துக்குத் தனியாக எடுத்து வைத்த பெக்கப் (மறுபிரதி) இருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற பழைய மின்னஞ்சல் மென்பொருள், அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் அந்த வருடம் ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. புதிய பதிப்புக்கு மாற வேண்டும் என்பது முன்பே தெரிந்த விஷயம்தான், பணத்தாலும் தீர்மானங்கள் இழுபட்டதாலும் அது தள்ளிப்போனது. இதில் எந்த இடத்தில் கோடிங் இருக்கிறது? எங்குமே இல்லை. ஆனால் பழைய சேர்வரை ஏன் விட்டுவைக்கக்கூடாது, பெக்கப் அதே வலையமைப்பில் இருந்தால் ஏன் அதுவும் போய்விடும் என்று விளங்காத ஒருவரால், நிதிப் பொறுப்பாளர் முன்னால் உட்கார்ந்து அந்தப் பணத்தைக் கேட்டு வாங்க முடியாது. பட்ஜெட், ஒப்பந்தம், லைசன்ஸ், ஆள் எடுப்பது, இரவு இரண்டு மணிக்கு சிஸ்டம் விழுந்தால் யாரை எழுப்புவது, எல்லாவற்றுக்கும் அடியில் தொழினுட்ப அறிவு இருக்கிறது. நீங்கள் நாள் முழுக்கக் கோட் எழுத வேண்டியதில்லை, ஆனால் எழுதுகிற பையன் 'இதற்கு மூன்று வாரம் வேண்டும்' என்றால் அது மூன்று நாள் வேலையா, மூன்று மாத வேலையா என்று தெரிய வேண்டும். தெரியாத மெனேஜரை ஒரு டீம் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்துவிடும் தெரியுமா?

அடுத்தது, பட்டத்தின் பெயரில் 'மெனேஜ்மென்ட்' இருக்கிறது என்பதற்காக 23 வயதில் யாரும் ஒரு டீமை உங்கள் கையில் தரப் போவதில்லை. எல்லோரும் உள்ளே போகிற கதவுகள் வேறு: பிஸ்னஸ் அனலிஸ்ட் (கம்பனிக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதுகிறவர்), கியூ.ஏ. (மென்பொருளைச் சோதிக்கிறவர்), சப்போர்ட், டெவலப்பர், ஈ.ஆர்.பி. (கம்பனியின் வேலை முழுவதையும் ஓட்டுகிற மென்பொருள்) கன்சல்டன்ட். அங்கிருந்துதான் மேலே. அதனால் இந்த டிகிரி என்னை மெனேஜர் ஆக்குமா என்று கேட்காதீர்கள், இதை முடித்தால் முதல் வேலை என்ன கிடைக்கும் என்று கேளுங்கள். உங்கள் விஷயத்தில் நான் ஈ.ஆர்.பி. கதவை உற்றுப் பார்ப்பேன். ஆடைத் தொழிற்சாலை, வங்கி, தேயிலை ஏற்றுமதிக் கம்பனி என்று கொழும்பில் பெரிய இடங்கள் எல்லாம் கொள்வனவு, களஞ்சியம், பேரேடு எல்லாவற்றையும் ஒரே சிஸ்டத்தில் ஓட்டுகின்றன. அதை அமைத்துக் கொடுப்பவருக்கு வரவு செலவு எந்தப் பக்கம் விழும் என்று தெரிந்திருக்க வேண்டும், கணிதப் பிரிவிலிருந்து வருகிற எத்தனையோ கெட்டிக்காரர்களுக்கு அது தெரியாது. உங்கள் கணக்கீட்டை ஒரு குறை மாதிரிப் பார்க்காதீர்கள்.

சரி, கம்பஸுக்கு வருவோம். உங்களுக்குப் பொருத்தமானவை இரண்டையும் கலந்த பட்டங்கள். களனியில் விஞ்ஞான பீடத்துக்குள்ளே கைத்தொழில் முகாமைத்துவத் துறை நடத்தும் முகாமைத்துவமும் தகவல் தொழினுட்பமும், மொறட்டுவையில் தகவல் தொழினுட்ப பீடத்தின் ஐ.டி.யும் முகாமைத்துவமும், ரீட் மாவத்தையில் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் இன்பொர்மேஷன் சிஸ்டம்ஸ், ஜயவர்தனபுர முகாமைத்துவ பீடத்தின் பிஸ்னஸ் இன்பொர்மேஷன் சிஸ்டம்ஸ். ஒலுவில் போகத் தயாரென்றால் தென்கிழக்கிலும் முகாமைத்துவமும் ஐ.டி.யும் இருக்கிறது. எந்தப் பாடக் கூட்டுக்கு எது திறந்திருக்கிறது, சாதாரண தரத்தில் கணிதமும் ஆங்கிலமும் என்ன சித்தி கேட்கிறார்கள் என்பதையெல்லாம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இந்த வருடக் கைநூலில் ஒவ்வொரு பட்டத்துக்கும் கீழே பாருங்கள், டியூட்டரி வாசலில் கேட்ட கதையை நம்ப வேண்டாம். அண்ணா சொல்கிற கம்பியூட்டர் சயன்ஸ் அருமையான பட்டம், ஆனால் அரச கம்பஸ்களில் அது பெரும்பாலும் கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்கானது, அவர் கனடாவிலிருந்து அதைக் கவனித்திருக்க மாட்டார்.

தனியார் கம்பஸைக் கெட்டது என்று சொல்ல மாட்டேன், நல்லவை இருக்கின்றன. மூன்று வருடம் என்கிறார்களே, அது பட்டங்களை மட்டம் பிரிக்கிற இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 5ஆம் மட்டமா 6ஆம் மட்டமா என்று கேளுங்கள், நான்கு வருட சிறப்புப் பட்டம் 6, மூன்று வருடப் பொதுப்பட்டம் 5, பிறகு முதுகலை செய்யப் போகும்போது இது வந்து நிற்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டம் என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தை ஆணைக்குழு ஏற்கிறதா என்று பாருங்கள், அப்புறம் கட்டணத்தில் எவ்வளவு பவுண்டில் கட்ட வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது, அப்போது நடுவில் மாட்டிய குடும்பங்களிடம் கேட்டால் சொல்வார்கள். போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டால் விளம்பரத் தாளைக் காட்டாமல் பெயர் சொல்கிறார்களா என்றும் பாருங்கள்.

செலவு உண்மையிலேயே யோசனையென்றால் கொழும்புக் கணினிக் கல்லூரியின் வெளிவாரி பி.ஐ.டி. (தகவல் தொழினுட்பப் பட்டம்) இருக்கிறது. 2000ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது, முதல் வருடத்தோடு டிப்ளோமா, இரண்டாவதோடு உயர் டிப்ளோமா, மூன்றாவதோடு பட்டம். வேலை செய்துகொண்டே படிக்கலாம். ஆனால் தனியாக உட்கார்ந்து படிக்கிற பழக்கம் இல்லாவிட்டால் அது இழுபடும்.

பி.எம்.பி. (ப்ரொஜெக்ட் முகாமைத்துவத்துக்கான சான்றிதழ்) போன்றவற்றை இப்போதே செய்யச் சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள், பட்டதாரிக்குக்கூட அதற்கு 36 மாதம் ப்ரொஜெக்ட் நடத்திய அனுபவம் கேட்கிறார்கள். எம்.பி.ஏ.யும் அப்படித்தான், மொறட்டுவையில் ஐ.டி.க்கென்றே ஒன்று இருக்கிறது, சில வருடம் வேலை செய்துவிட்டுப் போனால்தான் அது ருசிக்கும்.

மொழி விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. படிப்பு முழுக்க ஆங்கிலத்தில், ஆனால் கொழும்பு ஒபிஸ்களில் மீட்டிங் ஆங்கிலத்தில் தொடங்கி, சூடு பிடித்ததும் சிங்களத்துக்கு மாறிவிடும். உண்மையான முடிவு அந்த இடத்தில்தான் எடுபடும். தமிழ் மொழிமூலம் படித்த நம் பிள்ளைகள் அங்கேதான் அமைதியாகிவிடுகிறார்கள், அமைதியாக இருக்கிற ஆளை யாரும் டீம் லீட் ஆக்குவதில்லை. இந்த இடைவெளியில் சிங்களம் கதைத்துப் பழகுங்கள், புறக்கோட்டையைவிட அதற்கு நல்ல வகுப்பு கிடையாது.

விண்ணப்பத்தில் பட்டங்களை வரிசைப்படுத்தும்போது வெட்டுப்புள்ளியை ஊகித்து வரிசையை மாற்ற வேண்டாம். உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணக்கிடும் இசட் புள்ளியை வைத்து, இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, கொழும்பு மாவட்டத்தில் போட்டி கடுமை, அதெல்லாம் உண்மை. ஆனால் உங்கள் புள்ளிக்கு எட்டுகிறவற்றில் மேலே இருப்பதைத்தான் தருவார்கள், ஆசைப்பட்டதை முதலில் போடுவதால் கீழே உள்ளது பறிபோகாது. என்னிடம் கேட்டால் களனியை முதலில் போடுவேன், அதன் பிறகு கணினிக் கல்லூரி, மொறட்டுவை, கைநூல் அனுமதித்தால். நான்காவது ஜயவர்தனபுர. அம்மாவிடம் அவர் சொன்ன கம்பஸும் பட்டியலில் இருக்கிறது என்று சொல்லுங்கள், வெறும் மெனேஜ்மென்டாக இல்லை, பிஸ்னஸ் இன்பொர்மேஷன் சிஸ்டம்ஸாக.