மரபணு எல்லாச் செடியிலும்தானே இருக்கிறது?

கேள்வி: நானும் பக்கத்து நிலத்துக்காரரும் பி.பி.டி. நெல்தான் நட்டோம். ஐப்பசி மழைக்குப் பிறகு என் வயலில் இலை ஓரமெல்லாம் வைக்கோல் நிறமாகக் கருகிவிட்டது, அவருடையது பச்சையாக நிற்கிறது. கேட்டால் "என்னுடையது எதிர்ப்பு மரபணு உள்ள விதை" என்கிறார். மரபணு எல்லாச் செடியிலும்தானே இருக்கிறது?
– சத்தியவேடு வாசகர்

பதில்: நியாயமான கேள்வி. போர்வெல் மோட்டார் எல்லார் நிலத்திலும்தான் இருக்கிறது, ஸ்டார்ட்டரை யார் எப்போது போடுகிறார் என்பதில்தானே விஷயம்? மரபணுவும் அப்படித்தான். அதற்கு முன்னால் ஒரு ஸ்டார்ட்டர் பகுதி உண்டு, அதில் உரிய புரதம் வந்து உட்கார்ந்தால்தான் மரபணு ஓடும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பாக்டீரியா இலைக்கருகல் மாதிரி தெரிகிறது. இந்தக் கிருமி செய்வது சுத்த அயோக்கியத்தனம். செல்லிலிருந்து சர்க்கரையை வெளியே கடத்துகிற மரபணு ஒன்று நெல்லில் இருக்கிறது. கிருமி தன் புரதத்தைச் செல்லுக்குள் செலுத்த, அது நேராகப் போய் அந்த மரபணுவின் ஸ்டார்ட்டரில் உட்கார்ந்து மோட்டாரைப் போட்டுவிடுகிறது, அப்புறம் கசிகிற சர்க்கரையைத் தின்று கிருமி பெருகுகிறது. திருடன் நம் கரண்டில் நம் மோட்டாரைப் போட்டு நம் தண்ணீரையே இறைத்துக்கொண்டு போகிற கதை. சரி, அந்த மரபணுவையே பிடுங்கிப் போட்டால்? முடியாது, மகரந்தம் உருவாக அது வேண்டும், இல்லாவிட்டால் பதர்தான் மிஞ்சும். எக்ஸ்.ஏ.13 என்கிற எதிர்ப்பு வடிவத்தில் மரபணு அப்படியே இருக்கிறது, ஸ்டார்ட்டர் மட்டும் மாறியிருப்பதால் கிருமியின் கை அதில் படிவதில்லை.

பக்கத்துக்காரர் நட்டது மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியாக இருக்கலாம். ஐதராபாத்தின் சி.சி.எம்.பி. என்கிற உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையமும் நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும் சேர்ந்து பி.பி.டி. 5204-இல் (தமிழ்நாட்டில் ஆந்திரா பொன்னி என்பார்களே, அதேதான்) எக்ஸ்.ஏ.5, 13, 21 என்று மூன்று எதிர்ப்பு மரபணுக்களைக் கலப்பு முறையில் சேர்த்து 2008-இல் வெளியிட்ட ரகம். வீரிய ஒட்டு ரகம் இல்லை, விதைநெல் எடுத்து வைக்கலாம். அவரிடமே இரண்டு மூட்டை கேட்டுப் பாருங்கள். யூரியாவை மட்டும் அள்ளிக் கொட்டாதீர்கள், இந்த நோய்க்கு அது விருந்து.

கேள்வி: மல்லாட்டை (நிலக்கடலை) காய் பிடிக்கிற நேரத்தில் மழை ஏமாற்றுகிறது. வறட்சி தாங்கும் மரபணுவை எந்நேரமும் ஓடவிட்டால் என்ன?
– குப்பம் வாசகி

பதில்: ஓடவிட்டுப் பார்த்தார்கள் அம்மா, செடி குட்டையாகிவிட்டது. ட்ரெப் 1ஏ என்று ஒரு மேஸ்திரி மரபணு. அது ஓடினால் வறட்சி, உப்பு, குளிர் மூன்றையும் தாங்க உதவும் பல மரபணுக்களை ஏவிவிடும். ஜப்பானில் அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் செடியில் இதை எப்போதும் ஓடும்படி வைத்தபோது, தாங்கியது என்னவோ உண்மை, ஆனால் வளரவில்லை. நாள் முழுக்கக் காவல் காப்பவன் உழுவது எப்போது? அப்புறம் 1999-இல் அதே ஆராய்ச்சியாளர்கள் வறட்சி வந்தால் மட்டும் வேலை செய்யும் ஸ்டார்ட்டர் பகுதியை அதற்கு முன்னால் மாட்டினார்கள், நீங்கள் மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் போடுவது போல. செடி வளரவும் செய்தது, தாங்கவும் செய்தது. இதையே ஐதராபாத் பக்கத்துப் பட்டான்செருவில் இருக்கும் இக்ரிசாட் என்கிற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் மல்லாட்டையிலும் செய்து பார்த்தார்கள், ஆனால் அந்த விதை கடைக்கு வரவில்லை. இப்போதைக்கு ஆந்திராவின் கதிரி ஆராய்ச்சி நிலையத்து மல்லாட்டை ரகங்களில் உங்கள் மண்ணுக்கு எது பிடிக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: 2025 மே மாதம் அறிவித்தார்களே, பூசா டி.எஸ்.டி. நெல், அதில் என்ன மரபணுவைச் சேர்த்தார்கள்?
– நகரி வாசகர்

பதில்: எதையும் சேர்க்கவில்லை, எம்.டி.யு. 1010 என்கிற நெல் ரகத்தில் ஏற்கெனவே இருந்த டி.எஸ்.டி. மரபணுவைக் கெடுத்தார்கள். அதுவும் ட்ரெப் 1ஏ போல மேஸ்திரிதான், ஆனால் இலைத்துளைகளை மூடவிடாத மேஸ்திரி. அவன் வேலையை நிறுத்தினால் துளை குறைகிறது, இருக்கிற துளையும் நன்றாக மூடிக்கொள்கிறது, தண்ணீர் வீணாவதில்லை. சோதனை போதுமா என்று ஒரு சண்டை நடக்கிறது, அதை அடுத்த இதழில் பேசுவோம்.